காணாமல் போன முதுகு

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரிந்தது, கழித்தல் சார் ஒரு டிரைவரின் உடம்பைக் காணாமல் அடித்துவிட்டார். மூன்று வாரத்தில் இது மூன்றாவது முறை. அதுவும் அதே டிரைவர்.

திரையில் ஃபோம் கட்டி மட்டும் இருந்தது. அதன் நடுவில், அந்த ஆள் உட்கார்ந்து எழுந்துபோன மாதிரி அழகான பள்ளம். ஆளைத்தான் காணோம்.

முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு அவரவர் உடம்பு அளவில் நாற்காலி செய்து தரும் பட்டறை அது. வந்தவரை உட்காரவைத்து ஸ்கேன் எடுப்பார்கள். கம்ப்யூட்டரில் ஒரு கட்டியை வைத்து, அதிலிருந்து அந்த உடம்பைக் கழித்தால், மிஞ்சுகிற பள்ளம்தான் இருக்கை. பத்தொன்பது வருடமாகக் கழித்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு, பெயர் வீட்டுக்கும் பொருந்திவிட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூடச் சிரிக்க ஆள் இருந்தால்.

வேலையில் ஒரே ஒரு சூட்சுமம். கழித்து முடித்ததும், வெட்டப் பயன்பட்ட உடம்பு தானாகவே அழிந்துபோகும். அழியாமலிருக்க ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஏனென்றால் மறுநாள் முதுகுச் சாய்மானத்தையும் அதே உடம்பால்தான் வெட்டியாக வேண்டும். ஸ்கேனரில் கிடக்கும் பிரதியை, இடத்தை அடைக்கிறதென்று, முதலாளியம்மா தினமும் சாயங்காலம் துடைத்துவிடுவார். ஆக, டிக் இல்லையென்றால் உடம்பு போச்சு. ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்.

மூன்று முறையும் டிக் இல்லை. மூன்று முறையும் போட்டதாக அவருக்கு ஞாபகம். நேற்று, திரையோரம் மஞ்சள் சீட்டில் ‘டிக்’ என்று எழுதி ஒட்டி, அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார்.

பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரமாகவே வீட்டைப் பூட்டி, இரண்டு மாடி இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பல் தேய்க்கும்போது வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார், பதினேழில் தடுக்கியது. பள்ளிக்கூடத்திலும் அங்கேதான் தடுக்கும் என்பது ஆறுதலாக இல்லை.

யாரைக் கேட்டாலும் மழுப்பல். வயதானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்றார் டாக்டர். நன்றாகத் தூங்கச் சொன்னாள் மகள். முதலாளியம்மா கோபப்படவே இல்லை. கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன் சார் என்றார் அன்பாக. இன்னொரு தடவை நடந்தால் அந்தக் கொஞ்ச நாள் நிரந்தரமாகிவிடும். பிறகு காலையிலிருந்து அந்த வீட்டுச் சுவரோடுதான் பேச வேண்டும்.

டிரைவருக்கு போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார் மனிதர். திட்டு விழுமென்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு கழித்தல் சார் விஷயத்தைச் சொன்னார். அதற்கென்ன தம்பி, இன்றைக்கே வரட்டுமா என்றார் டிரைவர். முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டி முதுகைத் தொலைத்தவர். அதை இங்கே இன்னும் மூன்று முறை தொலைத்தது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை போலும்.

நாலு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கழித்தல் சார் அவர் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினார், இடுப்பைத் தொட்டு நேராக்கினார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தார்.

பிறகு இருவரும் வழக்கம்போலத் திரைமுன் உட்கார்ந்தார்கள். கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், முதல் நாளே கட்டி, உடம்பு, டிக் எல்லாவற்றையும் கழித்தல் சார் விலாவாரியாக விளக்கியிருந்தார். தன் உடம்பு திரையில் சுற்றுவதை டிரைவர் இன்றும் ரசித்தார். பின்பக்கம் இன்னும் இளமையாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

கழித்தல் சார் கட்டியைத் தேர்ந்தெடுத்தார். உடம்பைத் தேர்ந்தெடுத்தார். டிக் போட்டார்.

இந்த இடத்தில் எழுந்துபோய், நடைக்கோடி மெஷினில் இரண்டு காபி பிடித்து வருவது அவர் பழக்கம். காபி உள்ளே போனால்தான் வெட்டும்போது கை நடுங்காது. வெட்டுவது கம்ப்யூட்டர்தானே என்று யாரும் கேட்டதில்லை. குடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் அரை மணி நேரத்தில் அதுவே வெட்டி, சேமித்து, மூடிக்கொள்ளும். அதற்குள் அவர் டிரைவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்று அவர் எழுந்திருக்கவில்லை.

“அண்ணே, மூணு தடவையும் பக்கத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான். மழுப்பாம சொல்லுங்க. எனக்கு மறதி வந்துடுச்சா?”

டிரைவர் திரையில் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்கண்ணே. நாளைக்கு நானே வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்துடறேன்.”

“வீட்டுல உக்கார்றது என்னன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி.” டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “இந்த நாற்காலி முடிஞ்சுட்டா, அப்புறம் எதைச் சொல்லிக்கிட்டு நான் இங்க வர்றது?”

கழித்தல் சாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிரைவர் முதல்முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தார்.

“நீங்க காபி எடுக்கப் போனப்பல்லாம், டிக்கை எடுத்தது நான்தான்.”