இடி இடிக்காத மூன்று பாட்டு

"அடுத்ததைக் கேளு. 'கிட்டார் நெருப்பு, குரல் நெருப்பு, டிரம்ஸ் மட்டும் ஈர விறகு.' யாரைச் சொல்றான்னு தெரியுதா?"

கைப்பேசியைத் தூக்கி எறியாத குறையாக மேசையில் வைத்தார் லிஃப்ட் மெக்கானிக். இசைக்குழுவின் தலைவர் அவர்தான். பாட்டும் கிட்டாரும் அவர்தான். அவர் வீட்டுப் பின்னறைதான் ஸ்டுடியோ.

எதிரே, டிரம்ஸ் நடுவில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு ரசிகர்கள் வைத்த பேர் 'இடி'.

எத்தனையோ வருஷம் கழித்து வந்த ஆல்பம். நேற்றுத்தான் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன.

"இன்னொருத்தன் எழுதறான். 'இடிக்குப் பேரை மாத்துங்கப்பா, தூறல்னு வைங்க.' அதுக்குக் கீழே ஒரு கூட்டமே சிரிச்சு வெச்சிருக்கு."

பேஸ் கிட்டார் வாசிக்கும் கணக்கு வாத்தியாருக்கும் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார்.

"எட்டுல அஞ்சு பாட்டு பிரமாதம்னு எல்லாரும்தான் சொல்றாங்க. மூணே மூணுதான்..."

"என்ன சார், பாஸ் மார்க் போடறீங்களா? இதையும் கேளுங்க. 'நாலாவது பாட்டைப் போட்டதும் என் கைக்குழந்தை தூங்கிடுச்சு. மிக்க நன்றி.' நன்றியாம் சார்! நான் தொண்டை கிழியக் கத்தறேன், இவன் புள்ளை தூங்குதாம்!"

இடி பேண்ட்டில் காய்ந்துபோயிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ராத்திரி முழுக்க அவனுக்குப் பேக்கரியில் வேலை. அது முடிந்ததும் காலையில் நேராக இங்கே வருவான். மெக்கானிக் வேலைக்குப் போயிருப்பார். தனியாக உட்கார்ந்து டிரம்ஸை மட்டும் பதிவு செய்துவிட்டுப் போவான். சாயங்காலம் மெக்கானிக் வந்து அதன் மேல் கிட்டாரையும் குரலையும் ஏற்றுவார். ஆல்பம் மொத்தமும் இப்படி உருவானதுதான்.

"அப்பவே கேட்டேன்ல, இந்த மூணு மட்டும் ஏன்டா சப்புனு இருக்குன்னு? என்ன சொன்னே?"

"இந்தப் பாட்டுக்கு இது போதும்ணே..."

"போதுமாம்! கம்ப்யூட்டர்ல சத்தத்தை எவ்வளவு தூக்கிப் பாத்தேன் தெரியுமா? தடவினதைத் தூக்கினா, தடவினது பெரிசாக் கேக்குது. அவ்வளவுதான். மாவு பிசையற மாதிரி அடிச்சா வேற எப்படிக் கேக்கும்?"

"விடுப்பா," என்றார் வாத்தியார்.

"எப்படி சார் விடறது? அடுத்த மாசம் மேடை ஏறணும். முன்வரிசையில நிக்கறவன் பூரா இதைப் படிச்சிட்டுத்தான் வருவான். டேய், உனக்குக் கை வலியா?"

"இல்லண்ணே."

"தூக்கக் கலக்கமா?"

"இல்லண்ணே."

"அப்புறம்? மெதுவா அடின்னு உன்கிட்ட எவனாவது வந்து சொன்னானா?"

இடி நிமிர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாத்தியிருந்த பக்கத்து அறைக் கதவைப் பார்த்தான். மறுபடி குனிந்துகொண்டான்.

"இல்லண்ணே. என் தப்புதான்."

"அப்ப சரி. நீ வேண்டாம்டா. வேற ஆள் பேசிட்டேன், நாளைக்கு வர்றான். உன் சாமானைக் கழட்டிக்கோ."

வாத்தியார் பதறிப்போனார். "என்னப்பா இது? ஆரம்பத்துலேர்ந்து கூட இருக்கறவன்."

"அதுக்காக? கூட இருக்கறவனுக்காக எத்தனை பேர்கிட்ட சார் பேச்சு வாங்கறது?"

இடி எழுந்தான். சிம்பல் தட்டைப் பிடித்திருந்த திருகைக் கழற்ற ஆரம்பித்தான். கை தவறித் திருகு கீழே விழுந்து கதவுவரை உருண்டு போனது.

கதவு திறந்தது. திருகைக் குனிந்து எடுத்தது மெக்கானிக்கின் மனைவி. நர்ஸ் சீருடையில், தோளில் பையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றாள்.

"எதுக்கு இதைப் போய்க் கழட்டறீங்க? என்னங்க, இங்க என்ன சத்தம்?"

"சத்தமே இல்லாததுதான் பிரச்சனை!" என்றார் மெக்கானிக். "மூணு பாட்டுல தொரை டிரம்ஸைத் தடவிக் கொடுத்திருக்காரு. ஊரே காறித் துப்புது. அதான் கிளம்பச் சொல்லிட்டேன்."

"எந்த மூணு? நான் நைட் டியூட்டி பாத்தேனே, அந்த மாசம் எடுத்ததா?"

"இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவள் குழப்பமாக அவரைப் பார்த்தாள்.

"என்னங்க, நீங்களே இப்படிக் கேக்கறீங்க? காலைல நான் வந்து பக்கத்து ரூம்ல தூங்குவேன், மெதுவா அடின்னு நீங்கதானே இவர்கிட்ட சொல்லியிருந்தீங்க? நான் தேங்க்ஸ் சொல்லப் போனப்ப, 'எனக்கு எதுக்கு அண்ணி, அண்ணன் சொன்னாரு, செஞ்சேன்'னாரே! எங்க வார்டு பூரா சொல்லிப் பெருமைப்பட்டேன், எனக்காக என் வீட்டுக்காரர் தன் பாட்டையே அடக்கி வாசிக்கறாருன்னு."

மெக்கானிக் திகைத்து இடியைப் பார்த்தார். 

வாத்தியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கழற்றிய சிம்பலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடிதான் அவசரமாகச் சொன்னான்:

"ஆமாங்க அண்ணி, அண்ணன்தான் சொன்னாரு. அவர் கொஞ்சமாத்தான் குறைக்கச் சொன்னாரு. நான்தான் ரொம்பக் குறைச்சிட்டேன்."