கடைசி டோக்கன்

கர்ப்பப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்காக குடவாசலிலிருந்து முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவாள் அம்சம். ஆனால் டோக்கனைப் பின்னால் வருபவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வராண்டா பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள்.

தாமதத்துக்குக் காரணம் 'ரிசல்ட் பயம்' என்று ஒவ்வொரு முறையும் படிவத்தில் எழுதி எழுதி நர்ஸ் ஃபிளோராவுக்கே அலுத்துவிட்டது.

இன்றும் கடைசி ஆளாகத்தான் உள்ளே வந்தாள்.

"அஞ்சு வருஷம் முடிஞ்சிருச்சுக்கா. உடம்புல ஒண்ணுமில்ல. இனிமே நீங்க வர வேண்டாம்."

அம்சத்தின் முகம் வாடிப்போயிற்று.

"இன்னும் ஒரு வருஷம் வரச் சொல்லி எழுதிக் குடுங்க சிஸ்டர்."

"ஏன்க்கா, இன்னும் பயமா இருக்கா?"

"பயமெல்லாம் எப்பவோ போயிருச்சு. நடவு, களை, அடுப்படின்னு வருஷம் பூரா நின்னுக்கிட்டே இருக்கேன் சிஸ்டர். எந்திரின்னு யாரும் சொல்லாம நான் உக்காருறது உங்க பெஞ்சுல மட்டுந்தான்."