பட்டியலில் முதல் ஆள்

பட்டியலின் முதல் பெயர், இறந்துபோனவருடையது.

மணி பதினொன்று. ஐஸ் பெட்டியில் ஒரு சிறுநீரகம் வந்து இறங்கியாகிவிட்டது. பன்னிரண்டுக்குள் அறுவை தொடங்க வேண்டும். யாருக்கு என்று சொல்வது, விதிகளின்படி ஆளைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவமனை மென்பொருள். அதைக் கட்டி மேய்ப்பவள் அவள்.

நேற்றுதான் புதிய பதிப்பை நிறுவினார்கள். இன்று இந்தக் கூத்து.

பத்து நிமிடத்தில் கோளாறு பிடிபட்டது. 'நோயாளி' என்ற ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள், அதாவது நிரல் துண்டுகள், இரண்டு ஃபோல்டர்களில். மென்பொருள் வரிசையில் முதலில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அடுத்ததை எட்டிக்கூடப் பார்க்காது. நிறுவ வந்தவர்கள் ஐந்து வருடப் பழைய ஃபோல்டரை அழிக்கப் பயந்து விட்டுவைத்திருந்தார்கள். அதுவும் வரிசையில் மேலே.

பழைய கிளாஸில் ஒரே ஒரு கேள்வி மட்டும் கிடையாது. ஆள் உயிரோடு இருக்கிறாரா?

நான்கு வருடம் முன்பு, அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தவள் அவளேதான்.

அதனால்தான் அந்தப் பெயர், ஏழு வருடம் காத்திருந்ததாகக் காட்டி, முதலிடத்தில் நின்றது. அந்தப் பெயருக்குரிய எண்ணுக்குத் தானாகக் குறுஞ்செய்தியும் போயிருந்தது.

ஃபோல்டர் வரிசையின் இரண்டு வரிகளை மேலும் கீழுமாக மாற்றினாள். எண்டரைத் தட்டினால் முடிந்தது.

போன் அடித்தது. கீழே வார்டிலிருந்து புது சிஸ்டர்.

"மேடம், முதல் ஆள் வந்துட்டார். ஆனா அவர் ஃபைல் திறக்கவே மாட்டேங்குது. உங்க கம்ப்யூட்டருக்கு அவர் மேல என்ன மாமியார் கோபம்?"

அவள் விரல் அந்தரத்தில் நின்றது.

"வந்துட்டாரா?"

"மெசேஜ் பாத்து வந்தேங்கறார். பெஞ்சுல உக்காந்திருக்கார். ரெண்டாவது ஆள் அந்த பஸ் டிரைவர். அவர் சம்சாரம் மூணு வாட்டி வந்து கேட்டாச்சு. டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கறார். யாரை உள்ள அனுப்ப?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் அந்தப் பெயரை.

"டிரைவரை அனுப்புங்க. பட்டியல் இப்போ சரியாயிடும்."

"அப்ப இவர்கிட்ட என்னன்னு சொல்றது? பாவம், நாக்கு வறளுது, தண்ணி குடிக்கலாமான்னு கேட்டுட்டே இருக்கார். ஆபரேஷனாச்சேன்னு நான் தரல."

அவள் விரலை எண்டரிலிருந்து விலக்கினாள்.

"குடுங்க சிஸ்டர். பாட்டிலோட குடுங்க."

"முழுசாவா? கிட்னி பேஷண்டுக்கு அரை டம்ளர் அளந்துதானே தருவாங்க?"

"இனிமே நான் திட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

சிஸ்டர் ஒன்றும் புரியாமல் போனோடு நடந்து போனாள். மூடி திருகும் ஓசை. பிறகு மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், யாரோ குடிக்கும் ஓசை.

கடைசி மிடறு இறங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

பிறகு எண்டரைத் தட்டினாள்.

மறுமுனையில் காலி பாட்டில் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.