இரண்டு வினாடி

மூன்றாவது முறையும் முப்பத்தெட்டு.

நாற்பது வர வேண்டும். பக்கத்து மேசைகளில் வந்துவிட்டது.

நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு இருபது முறை போய்வர எத்தனை வினாடி? அவ்வளவுதான் கேள்வி. காற்றில் குண்டு அசையும் என்று ஆய்வகத்தின் மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். முணுமுணுத்தால்கூடக் கேட்டது.

வளர்மதி எழுதுகிறாள். ஜெசிந்தா கையில் ஸ்டாப்வாட்ச். மூன்றாவதாக நிற்பவள் எண்ணுகிறாள்.

இதுவரை யாரும் அவளைக் குழுவில் சேர்த்ததில்லை. இன்று மிஸ் சொன்னதால் சேர்த்தார்கள். எண்ணுவதில் என்ன தப்பு வந்துவிடும் என்று அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

"உன் விரல் முந்திரிக்கொட்டைடி" என்றாள் வளர்மதி. "முன்னாடியே அமுக்குது."

ஜெசிந்தா யோசித்தாள். "விரல் முந்தினா ஒருதடவை முப்பத்தேழு, ஒருதடவை முப்பத்தொன்பதுன்னு மாறணும்ல? மூணு தடவையும் ஒரே மாதிரியா முந்தும்?"

வளர்மதி பேனாவை வைத்தாள். நூலைக் கால் பங்காகக் குறைத்தாள். இப்போது ஓர் ஆட்டத்துக்கு ஒரு வினாடி. இருபது வர வேண்டும்.

பத்தொன்பது.

நீள நூலில் ஓர் ஆட்டம் இரண்டு வினாடி. இரண்டு குறைந்தது. குட்டை நூலில் ஒரு வினாடி. ஒன்று குறைந்தது.

"ஒரு முழு ஆட்டமே காணோம்டி" என்றாள் வளர்மதி மெதுவாக.

எண்ணியவள் குண்டைப் பார்த்தாள்.

குண்டை விட்டதுமே தன் வாய் சொன்னது இப்போதுதான் அவளுக்குக் கேட்டது. ஒன்று.

குண்டு அப்போது எங்கும் போய்வந்திருக்கவில்லை.

எண்ணக்கூடத் தெரியாதவள். மதியச் சாப்பாட்டுக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி தனி மேசை.

"ஒரு ஆட்டம் இருக்கும்போதே அமுக்கிடுற நீ" என்றாள் வளர்மதி ஜெசிந்தாவிடம். "குடு இங்க."

ஸ்டாப்வாட்ச் கை மாறியது. ஜெசிந்தா விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

சத்தமில்லாமல் எண்ணிக்கையை மாற்றிவிடலாம். நாற்பது வந்துவிடும். யாருக்கும் தெரியாது. தப்பு ஜெசிந்தாவின் விரலோடு போய்விடும்.

நூல் பழைய நீளத்துக்கு வந்தது. குண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளர்மதி எண்ணப்போகிறவளின் வாயைப் பார்த்தாள்.



குண்டு விடுபட்டது.

"பூஜ்ஜியம்" என்றாள், பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும்படி.