மேலண்ணத்தில் ஆண்டவர்

ஆண்டவர் என் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டார்.

நாக்கால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. நாக்கே மரப்பலகை மாதிரி இருந்தது.

பூசையில் ஆண்டவரின் உடலென்று தரும் நன்மை அப்பத்தை வாங்கி வந்து, பாயில் முழந்தாளிட்டு, கைகளைக் குவித்துக்கொண்டு, பக்தியான முகத்துடன் வாய்க்குள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பத்தைக் கடிக்கக் கூடாது. விரலால் எடுக்கக் கூடாது. கடித்தால் ரத்தம் வரும் என்று முதல் நன்மை வகுப்பில் சிஸ்டர் சொல்லியிருந்தார். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த பிறகும் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

வேதியியல்படி அது கோதுமை மாவு. எச்சில் பட்டால் கரையும்.

எச்சில்தான் இல்லை.

காலை மாத்திரை மனச்சோர்வுக்கு. அது வாயை வறட்டியது. ராத்திரி மாத்திரை பதற்றத்துக்கு. வாய் வறண்டதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க அது உதவும் என்று நினைத்தேன். அது தூங்க மட்டும்தான் உதவியது, மறுநாள் மத்தியானம்வரை.

இரண்டும் சேர்ந்ததில், பூசையில் எல்லோரும் எழுந்தால் நானும் எழுவேன். கோயில் மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்து வந்து நிற்கும்.

டாக்டர் கீழ்ப்பாக்கத்தில் இருந்தார். அந்தப் பெயரைச் சொன்னாலே ஆவடியில் சிரிப்பார்கள். அதனால் பல் டாக்டரிடம் போவதாக அம்மா தெருவில் சொல்லி வைத்திருந்தாள். ஒரு வருடமாக எனக்குப் பல் வலி.

இன்று எனக்கும் கிறிஸ்துராஜுக்கும் இரண்டாம் ஓலை. பூசை முடியும் முன் சாமியார் எங்கள் கல்யாண அறிவிப்பைப் படிப்பார். அதைக் காதால் கேட்க வேண்டும் என்று காட்டுப்பாக்கத்திலிருந்து அவரும் அவர் அம்மா லூர்தம்மாளும் பஸ் மாறி வந்திருந்தார்கள். அவர் ஆண்கள் பக்கம். லூர்தம்மாள் என் பக்கத்தில், முழங்கை இடிக்கும் தூரத்தில்.

"மாத்திர விசயம் தெரிஞ்சா வந்த பஸ்லயே திரும்பிப் போயிடுவாங்க" என்று அம்மா காலையில் சொல்லியிருந்தாள். "வாயத் தொறக்காதே."

திறக்கவே முடியவில்லை.

லூர்தம்மாள் அதிகம் பேச மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று கேசரித் தட்டைத் தள்ளி வைத்து, "எனக்கு சுகர்" என்றார். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். என் சித்தப்பா குடும்பப் பெருமை பேசிக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். சுகர் இருந்தால் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பா பேசினால் சுகர் இல்லாதவர்களும் அப்படித்தான்.

இப்போது அவர் அயரவில்லை. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது.

சாமியார் மைக்கைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை டி.வி. தொடர் தொடங்குவதற்குள் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பப் பழகியவர். வேகமாகப் படித்தார்.

"வேதமுத்து மகள் ஞானகுமாரியும்..."

பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சிரித்து வைத்தேன். மேலுதடு பல்லில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்க மறுத்தது. வலிக்கிற பல் எல்லாம் ஊருக்கே தெரிந்திருக்கும்.

"...இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக யாருக்காவது தெரிந்தால், அதைப் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

லூர்தம்மாள் என் காதருகே குனிந்தார்.

"ஒட்டிகிச்சா?"

தலையாட்டினேன். பொய் சொல்லவும் எச்சில் வேண்டும்.

அவர் ஜெபமாலைப் பையைத் திறந்தார். ஜெபமாலைக்கு அடியில் விரலை விட்டு, ஓர் ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இன்னொன்றை எடுத்துத் தன் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

நான் மிட்டாயைப் பார்த்தேன். சுகர் என்று கேசரியைத் தள்ளி வைத்தவரைப் பார்த்தேன்.

"நாக்கால தள்ளாதே. இத்த கன்னத்துல அடக்கிக்க, தானா ஊறும்." முகம் பீடத்தைப் பார்த்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "மாத்திரைக்கு ஊட்ல இன்னான்னு சொல்லிகினு கீறீங்க?"

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். எச்சில் ஊறியதும் குரல் வந்தது.

"பல்லு, அத்தே."

அவர் முகம் சுளித்தார்.

"பல்லு ரொம்ப நாளு வராதும்மா. புடுங்கிட்டியான்னு கேப்பாங்க. கண்ணாலம் ஆவட்டும், சுகர நீ எடுத்துக்க. நானு பிரசருக்குப் போயிடறேன்."

ஆண்கள் பக்கத்திலிருந்து கிறிஸ்துராஜ் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். மாமியாரும் மருமகளும் ஒன்றாக ஜெபிக்கிறோம் என்று நினைத்திருப்பார். அவருக்கும் எதுவும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

சாமியார் ஆசீர் கொடுக்கக் கையை உயர்த்தினார். எல்லோரும் எழுந்தோம். கோயில் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. லூர்தம்மாளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்.

"ஆமென்" என்றோம்.

வாயெல்லாம் புளிப்பும் தண்ணீருமாக இருந்தது. ஆண்டவர் எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை.