இரண்டு பாத்திரத்து டீ

முதல் மடக்கை அவர் விழுங்கவில்லை.

நாக்கின் மேல் நிறுத்தினார். பல்லிடுக்கு வழியாகக் காற்றை இழுத்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம், குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை இப்படித்தான் உறிஞ்சி, துப்பி, தரம் சொன்னார். இப்போது துப்ப மனமில்லை. விழுங்கினார்.

நிறம் இருந்தது. மணம் இருந்தது. துவர்ப்புகூட இருந்தது.

நம்பிக்கைதான் வரவில்லை.

எதிரே அவர் மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவர் டீ குடிக்கும்போது முகத்தைப் பார்க்கிறவள். நன்றாக இருக்கிறதா என்று முகத்திலேயே படித்துவிடுவாள். இப்போது மட்டும் என்ன வந்தது?

அந்த அட்டைப் பெட்டி அவர் கண்ணில் பட்டிருக்கக் கூடாது. குப்பைக் கூடையில், வெங்காயச் சருகுக்கு அடியில், நாலாக மடித்துச் செருகியிருந்தது. காஃபீன் நீக்கிய தேயிலை. தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படி மடிப்பார்கள்.

அப்போதே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

இந்த வீட்டில் வேறு யாருக்கு அது? பிரஷர் அவருக்கு. டீயை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னதும் அவரிடம். சண்டை போட்டு, கெஞ்சி, ஒரு நாளைக்கு ஒரே ஒரு டீ என்று வாங்கிவந்த சலுகை இது. அதிலும் கை வைத்துவிட்டாள்.

அந்தச் சரக்கை அவருக்குத் தெரியும். ஒருமுறை ஆபீசுக்கு சாம்பிள் வந்தது. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. அதே சிவப்பு. வாயில் வைத்தால் முதலில் ஏமாற்றும். பிறகுதான் தெரியும், நாக்கைச் சுருக்கென்று பிடிக்கிற அந்தப் பிடி இல்லையென்று. குடித்து முடித்தால் மண்டைக்குள் விளக்கும் எரியாது. கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் திரும்பின மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்ல, ஆபீசே சிரித்தது.

இந்த டம்ளரில் பிடி இருந்தது. நாக்கு அப்படித்தான் சொன்னது.

அவர் நாக்கை நம்பவில்லை. வயசாகிவிட்டது. பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் எந்த நாக்கும் ஏமாறும்.

அவளையும் நம்பவில்லை.

ஒரே பாத்திரத்தில் டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுவதுதான் அவள் வழக்கம். ஒரு மாதமாக இரண்டு பாத்திரம். கேட்டால், தான் சர்க்கரையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். சர்க்கரையைக் கடைசியில்தானே போடுவாள்? அதற்கு எதற்குத் தனிப் பாத்திரம்? யார் காதில் பூ சுற்றுகிறாள்?

கோயம்புத்தூர் சமாசாரம் வேறு. அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று தனியாகப் போனாள். சாயங்காலமே திரும்பிவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போனால் இரண்டு நாள் தங்காமல் வருகிறவளா? அங்கேதான் அந்தப் பெட்டியை வாங்கியிருக்க வேண்டும். எல்லாம் திட்டம்.

மறுநாள் அவர் தனக்கும் சர்க்கரை வேண்டாம் என்றார்.

அவள் சந்தோஷப்பட்டாள். பாவம்.

இரண்டு டம்ளரும் மேஜைக்கு வந்தன. ஒரே எவர்சில்வர். ஒரே நிறம்.

"அக்கா, சிலிண்டர்!" என்று வாசலில் குரல் கேட்டது. அவள் எழுந்து போனாள்.

அவர் டம்ளர்களை மாற்றிவைத்தார்.

வெட்கமாகத்தான் இருந்தது. கட்டின பெண்டாட்டியை வேவு பார்க்கிற பிழைப்பு. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். இனி அந்த அசல் டீ தனக்கு, அந்தப் போலி அவளுக்கு. கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கினார்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

அவர் உறிஞ்சினார். உஸ்.

நிறம் இருந்தது. மணம் இருந்தது.

பிடி இல்லை.

இன்னொரு தடவை உறிஞ்சினார்.

இல்லை.

அவர் நாக்குக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நேற்றும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இத்தனை நாளும் அவருக்கு வந்தது அசல் டீதான்.

அப்படியானால் இது?

அவள் தன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்தாள். ஒரு மடக்குக் குடித்தாள். அப்படியே நிறுத்திவிட்டாள். டம்ளரைக் கீழே வைத்தாள். இன்னொரு கை சேலைத் தலைப்போடு நெஞ்சை அழுத்திக்கொண்டது.

"மாத்திட்டீங்களா?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

அடுக்கிவைத்த கேள்விகளில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை. கொஞ்ச நாளாக அவள் மாடிப்படியில் பாதியில் நின்று செடிகளைப் பார்ப்பது ஞாபகம் வந்தது. அங்கே இருப்பது ஒரே ஒரு துளசிதான்.

எழுந்தார். அவள் டம்ளரை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். தன் கையிலிருந்ததை அவள் பக்கம் நகர்த்தினார்.

"கோயமுத்தூர் ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?"

"உங்களுக்கு பிரஷர் ஏறிடும்னுதான் சொல்லலைங்க."

"என்ன சொன்னாங்க?"

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆறிடப்போகுது. முதல்ல இதைக் குடிச்சிடறேனே."

அவள் குடித்து முடிக்கும்வரை அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.