அந்த நாற்பது பேர்

“குடை எங்க?” என்று கேட்டுக்கொண்டே கணவர் வீடு முழுக்கத் தேடினார். குடை அவருடைய அக்குளில்தான் இருந்தது.

“இடது கை இடுக்குல,” என்றாள் அவள், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது அவருடைய உத்தியோகம். அசடு வழியச் சிரித்துவிட்டுப் போனவர், பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அவருடைய மேஜையைக் காலி செய்துகொடுக்கும்படி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் பட்டம் வாங்கி ஏழு வருடமாகியும் அவர் அங்கே தற்காலிகம்தான். மேஜை மட்டும் நிரந்தரம்.

சாமான்களை ஒரு பைக்குள் அடக்கிக்கொண்டு கிளம்பியவளைப் பேராசிரியர் தம் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி மேலெல்லாம் காகிதக் கட்டு. கணவரோடு வேலை பார்த்த தாடிக்காரர் ஒரு கட்டை எடுத்து இன்னொரு கட்டின் மேல் வைத்து, அவள் உட்கார இடம் பண்ணினார்.

“அவரோட கடைசிக் கட்டுரையில ஒரு சின்னச் சிக்கல்மா,” என்றார் பேராசிரியர். “உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஒரு சோபா இருக்கு. ஒரு குறுகலான நடை, நடுவுல ஒரு திருப்பம். சோபா அந்தத் திருப்பத்துல போகுமா, போகாதா? நமக்குப் பார்த்தாலே தெரியும். கம்ப்யூட்டருக்குப் படம்னா வெறும் புள்ளிங்க. எண்ணி எண்ணித்தான் கண்டுபிடிக்கணும்.”

“பாவம்,” என்றாள் அவள்.

“அது சரியாச் சொல்லுதான்னு பார்க்க, மனுஷங்களுக்கும் அதே படங்களைக் காட்டணும். அப்படி நாப்பது பேர். ஆள் வேணும்னு ஆபீசுக்கு மனு போட்டா, கையெழுத்து கோட்டுக்கு வெளிய போயிடுச்சுன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர். எப்படியோ ஆறே வாரத்துல நாப்பது பேரையும் பிடிச்சுட்டார்.”

“நான் கூப்பிட்டா நாலு பேர் வரமாட்டாங்க,” என்றார் தாடிக்காரர்.

பேராசிரியர் ஒரு கோப்பைப் பிரித்தார். உள்ளே பெயர் ஒன்றுகூட இல்லை. ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள்தான்.

“மனுஷ மனசு எத்தனை விதம் பாருங்க! பதினேழாம் நம்பர், எல்லாப் படத்துக்கும் ‘போகாது, போகாது’ன்னே சொல்லியிருக்கார். பிறவி அவநம்பிக்கைக்காரர். பதினெட்டு, வாயே திறக்கலை.”

“தூங்கியிருப்பான் சார்,” என்றார் தாடிக்காரர்.

“ஆனா பத்தொன்பது! எல்லாம் சரி. அஞ்சே நிமிஷம். மலையேறிப் பழகினவரா இருக்கணும்னு என் முடிவு. அந்தக் கண்ணு வேற யாருக்கும் வராது. இந்த நாப்பது பேரை வெச்சு மூணு நாட்டுல பேசிட்டேன்னா பார்த்துக்கங்க.”

அவள் இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. தாடிக்காரர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“அழாதீங்கம்மா,” என்றார் பேராசிரியர். “விஷயம் இதுதான். கட்டுரையைப் போடற ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரங்க புதுசா ஒரு படம் அனுப்பியிருக்காங்க. அதே நாப்பது பேர்கிட்ட காட்டி, நாளைக்குள்ள பதில் அனுப்பணுமாம். இல்லைன்னா கட்டுரை வராது.”

“அவர் பேரு?”

“கட்டுரை வந்தாத்தானேம்மா பேரு வரும்! முதல் பேரே அவரோடதுதான். நானே விட்டுக்கொடுத்தேன்.”

அவளுக்குத் தெரியும். ஏழு வருடத்தில் பதினோரு கட்டுரைகள். எல்லாவற்றிலும் பேராசிரியர் பெயருக்குப் பின்னால், சில சமயம் தாடிக்காரருக்கும் பின்னால், பந்தியில் இடம் கிடைக்காதவர் மாதிரி கணவர் நின்றுகொண்டிருப்பார். இதில்தான் முதல் இடம். அந்தச் செய்தி வந்த அன்று, தன் பெயரைத் தானே நாலு தரம் சத்தம் போட்டுப் படித்தார்.

“அந்த நாப்பது பேரு யார், எங்க இருக்காங்கன்னு ஏதாவது எழுதி வெச்சிருக்காரா?” என்று கேட்டார் பேராசிரியர். “நோட்டு, டைரி, துண்டுச்சீட்டு, எதுவானாலும் சரி.”

“வீட்ல அப்படி எதுவும் இல்லைங்க.”

“தொலைஞ்சுது,” என்றார் தாடிக்காரர். “கிணத்துல போட்ட கல்லுதான். எந்த ஊர்ல எவனைப் போய்த் தேடறது?”

அவள் கோப்பைத் தன் பக்கம் திருப்பி, பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“மூணு நாட்டுலயும் கைதட்டினாங்களா சார்?”

“எழுந்து நின்னு தட்டினாங்கம்மா! ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

பையைக் கீழே வைத்தாள். அறை மூலையிலிருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நாப்பது பேரும் வந்தாச்சு சார். படத்தைக் காட்டுங்க.”